தை மாசிப் பனியும் அழகர்மலைப் பறவைகளும்

“தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அந்தப் பனிக்கு அஞ்சி நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் விடியற்காலையில், மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவில் அடிவாரத்தில் பெரியதொரு குடியிருப்பே விழித்தெழுகிறது. மயில் அகவுகிறது, செம்போத்து அடித்தொண்டையில் குரல் கொடுக்கிறது, தவிட்டுக்குருவிகள் சண்டையிட்டுக்கொண்டே இரை தேடப் புறப்படுகின்றன. சித்திரைத் திருவிழாவின்போது மக்கள் வெள்ளத்தில் மூழ்கும் அவ்விடம், தையிலும் மாசியிலும் அதிகாலை வேளையில் அமைதியாக இருக்கும். பறவை காண விரும்புவோர்க்கு ஆண்டிலேயே சிறந்த பருவம் இதுதான்.

இப்பருவம் ஏன் சிறந்தது, அங்கே எதைக் காணலாம், எப்படிக் குறிப்பெடுப்பது, எப்படிப் படம் பிடிப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். அவற்றோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம்: நாம் குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரியால் பறவைக்கு என்ன பயன்?

குளிர்காலத்தின் பிற்பகுதி ஏன்?

மதுரைச் சமவெளிக்கு மழை தருவதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினுடையது. மார்கழிக்குப் பின் வானம் தெளிகிறது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் விடியும் வேளையில் பனியும் மூடுபனியும் இறங்குகின்றன. வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி வந்து, நண்பகலில் 30 டிகிரியை எட்டுகிறது. வடநாட்டாருக்கு இது குளிரே அன்று. ஆயினும் பறவைகளின் அன்றாட வாழ்வை இந்த ஏற்ற இறக்கம் வெகுவாக மாற்றுகிறது.

குளிரில் பூச்சிகள் பறப்பதில்லை. ஆகவே பூச்சி தின்னும் பஞ்சுருட்டான்கள் கம்பியிலும் காய்ந்த கிளையிலும் வரிசையாக அமர்ந்து, இறகுகளைப் புடைத்துக்கொண்டு வெயில் காய்கின்றன. புடைத்த இறகுகளுக்கு இடையே அடைபடும் காற்று, நமக்குக் கம்பளிபோல் அவற்றுக்கு உதவுகிறது. பருந்துகளும் கழுகுகளும் நிலம் சூடேறிக் காற்று மேலெழும்வரை காத்திருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அவை சிறகை அசைக்காமல் வட்டமிடுவதைக் காண முடியும். எனவே சிறு பறவைகளைக் காணச் சூரியன் எழும் நேரமும், வேட்டைப் பறவைகளைக் காண அதற்குப் பிந்திய நேரமும் ஏற்றவை.

இரண்டாவது காரணம் மரங்கள். மாசியில் மலைச்சரிவின் மரங்கள் பல இலை உதிர்க்கின்றன. மழைக்காலத்தில் குரலை மட்டும் கேட்ட பறவையை இப்போது கிளையில் நேராகக் காணலாம். இலவமரமும் கல்யாண முருங்கையும் இலையின்றிச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது, தேன் தேடி மைனா, கரிச்சான், சின்னான், தேன்சிட்டு எல்லாம் அங்கே கூடுகின்றன. பூத்த மரம் ஒன்றைக் கண்டுவிட்டால் அரைமணி நேரம் அதன் எதிரே அமர்ந்திருப்பதே போதும்.

மூன்றாவது காரணம் நீர். கண்மாய்கள் நிறைந்து கிடக்கையில் மீன்கள் எங்கும் பரவியிருக்கும். தை பிறந்தபின் நீர் வற்ற வற்ற, அவை ஆழம் குறைந்த ஓரங்களில் சிக்குகின்றன. நாரைகளும் கொக்குகளும் அங்கே கூட்டமாக இறங்குகின்றன.

நான்காவது காரணம் விருந்தாளிகள். இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலுள்ள மத்திய ஆசியாவிலிருந்தும் புரட்டாசி, ஐப்பசியில் வந்த பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்லும். மாசி, அவை பயணத்துக்கு ஆயத்தமாகும் மாதம். பகல்பொழுது நீள்வதை உடலால் உணர்ந்து, மிகுதியாக உண்டு கொழுப்பைச் சேர்க்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் சிறு பறவைகளுள் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொள்கின்றன. அந்தக் கொழுப்பே அவற்றின் வழிச்சோறு.

எங்கே, எதைக் காணலாம்?

அழகர்கோவில் பயணத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கோவிலைச் சுற்றிய அடிவாரம். பழைய கோட்டைச் சுவர், புளியமரங்கள், ஆலமரங்கள் இவற்றிடையே வால்காக்கை, மரங்கொத்தி, குக்குறுவான், பனங்காடை ஆகியவற்றைத் தேடலாம். குளிர்கால விருந்தாளியான மாங்குயிலின் மஞ்சள் நிறம் இலையுதிர்த்த கிளைகளில் பளிச்சிடும்.

இரண்டாவது, பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஏறும் மலைப்பாதை. மரநிழல் அடர்ந்த இடங்களில் அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை நாடாபோன்ற நீண்ட வாலுடன் பறப்பதைக் கண்டவர் மறக்கமாட்டார். ஆணுக்கே அந்த நீண்ட வால். பெண் குட்டை வாலுடன் செம்பழுப்பாக இருக்கும். இளம் ஆணும் செம்பழுப்பு நிறந்தான். சருகுகளிடையே ஆறுமணிக்குருவி இருந்தாலும் இருக்கும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரலெழுப்புவதால் நம்மவர் அதற்கு இட்ட பெயர் அது. நீர் கசியும் பாறைகளில் கருஞ்சாம்பல் வாலாட்டியைத் தேடுங்கள். சுமார் 20 கிராம் எடையுள்ள அந்தச் சிறு பறவை, இமயமலைச் சாரல்களிலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் ஓடைகளைத் தேடி வருகிறது.

மூன்றாவது, சமவெளி. பெரியாறு பிரதானக் கால்வாய் செல்லும் கள்ளந்திரிப் பக்கத்து வயல்களும் சுற்றுப்புறக் கண்மாய்களும் இதில் அடங்கும். ஏர் உழும் இடத்திலும் டிராக்டரின் பின்னாலும் உண்ணிக்கொக்குகள் நடக்கும். தகைவிலான்கள் நீரின் மேல் தாழப் பறக்கும். சூறைக்குருவிகள் மாலையில் பெருந்திரளாகச் சுழன்று பறப்பதைக் காணும் வாய்ப்பும் உண்டு. நீர் எஞ்சிய கண்மாய்களில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து ஆகியவற்றைத் தேடலாம்.

காட்டுக்குள் பாதையை விட்டு விலகவேண்டுமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவாக, ஆசிரியையோ பெற்றோரோ உடன்வரச் செல்வதே நல்லது. வெண்ணிற உடை தொலைவிலிருந்தே பறவையை எச்சரிக்கும். பச்சை, பழுப்பு, காக்கி நிறங்கள் ஏற்றவை. குரங்குகள் மிகுதியாதலால் தின்பண்டத்தைக் கையில் ஏந்தி நடக்கவேண்டாம்.

கண்ணும் குறிப்பேடும்

பறவை காண்பதற்கு முதற்கருவி கண், இரண்டாவது குறிப்பேடு, மூன்றாவதே பைனாகுலர். பைனாகுலரின்மேல் 8×40 என எழுதியிருந்தால், அது பொருளை எட்டு மடங்கு அருகில் காட்டும் என்றும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றும் பொருள். முன்கண்ணாடி அகலமானால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். மடங்கு மிகுந்தால் கைநடுக்கமும் மிகும். ஆதலால் தொடங்குவோர்க்கு எட்டு மடங்கே போதும். எக்காரணம் கொண்டும் அதன் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. கண் பார்வையே போய்விடும்.

பறவையைக் கண்டதும் பெயரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். புரட்டி முடிப்பதற்குள் அது பறந்துவிடும். முதலில் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். அது சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு தடித்ததா, மெலிந்ததா, வளைந்ததா? வாலை ஆட்டுகிறதா? தரையில் தத்துகிறதா, நடக்கிறதா? எந்த மரத்தில், எத்தனை, எத்தனை மணிக்கு? மூடுபனி இருந்ததா, வெயிலா? தேதியும் இடமும் இல்லாத குறிப்பு, முகவரியில்லாத கடிதம் போன்றது.

உற்றுநோக்கும் இந்தக் கலை நமக்குப் புதிதன்று. மதுரைக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஏழைப் புலவர் ஒருவர், வானில் பறந்த செங்கால் நாரையை விளித்து, ஊரிலுள்ள தம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பிய பாடலை நீங்கள் படித்திருப்பீர்கள். அவரே சத்திமுற்றப் புலவர். நாரையின் நீண்டு சிவந்த அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறினார் அவர். குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் செங்கால் நாரையைப் படத்தில் பார்த்தாலே அந்த உவமை எவ்வளவு பொருத்தமானது என்று விளங்கும். பசியிலும் குளிரிலும் அவர் கண் தன் வேலையைச் செய்திருக்கிறது.

படம் பிடிப்போர்க்கு

பறவைகளைப் படம் பிடிப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட கலை. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள், பறவைகள் அஞ்சாதிருக்க உள்ளே வெற்றிடமான செயற்கை எருது ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்திருந்து படமெடுத்தனர். நம் தமிழகத்தில் மா. கிருஷ்ணன் (1912–1996) பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒன்றை அமைத்து, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். வண்ணப்படம் பெருகிய காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமாக்கினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக வந்துள்ளன. நூலகத்தில் கிடைத்தால் தவறாமல் படியுங்கள்.

பிலிம் காமிராவானாலும் இக்கால டிஜிட்டல் காமிராவானாலும் வெளிச்சத்தின் விதி ஒன்றே. அழகர்கோவில் மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கே எழுகிறது. எனவே காலையில் அடிவாரத்தில் நின்று மலையை நோக்கினால் வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து பறவையின்மேல் விழும். ஒன்பது மணிக்குள் அந்த வெயில் சாய்வாகவும் மென்மையாகவும் இருக்கும். நண்பகல் வெயிலில் நிழல் கருத்து, பறவையின் கண்ணே தெரியாமல் போகும்.

காமிராவின் ஒளிமானி, எதிரே காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்கிடுகிறது. மூடுபனி வெண்மையாதலால் அதைச் சாம்பலாக்க முயன்று படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் கூட்டவேண்டும். கருத்த நீரின் முன்னே வெள்ளைக் கொக்கு நின்றால் இதற்கு நேர்மாறு, நீரை வெளுக்கச் செய்யும் முயற்சியில் கொக்கின் இறகுகள் மாவுபோல் வெளிறிவிடும், ஒளியளவைக் குறைக்கவேண்டும்.

கைநடுக்கம் தெரியாதிருக்க, லென்சின் குவியத்தூரம் 400 மில்லிமீட்டரானால் ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 400-இல் ஒரு பங்காவது இருக்கட்டும். பறக்கும் பறவைக்கு 1000-இல் ஒரு பங்கும் அதற்கு மேலும் வேண்டும். கண் தெளிவாக விழுந்தால் படம் உயிர்பெறும். பெரிய லென்சு இல்லையே என வருந்தவேண்டாம். மரமும் பாறையும் நீரும் சூழச் சிறியதாகத் தெரியும் பறவை, அது எங்கே எப்படி வாழ்கிறது என்பதைக் கூறும். செல்போனைப் பைனாகுலரின் கண்வில்லையோடு ஒட்டிப் பிடித்தும் அடையாளம் காணப் போதுமான படம் எடுக்கலாம்.

படத்தைவிடப் பறவை பெரிது

சிறு பறவை ஒன்று இரவு முழுவதும், ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம், உணவின்றி இருக்கிறது. குளிரில் உடற்சூட்டைக் காக்கச் சேமித்த கொழுப்பை எரிக்கிறது. விடிந்ததும் அதற்கு அடங்காப் பசி. நமக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும் அதே இரண்டு மணி நேரந்தான் அது வயிறு நிரப்பும் நேரமும். படத்துக்காக ஒருமுறை அதைக் கிளப்பினால், தின்ன நேரமும் போகிறது; பறப்பதற்குத் தீனியும் செலவாகிறது. ஒரு காலைப்பொழுதில் பத்துக் குழுக்கள் வந்து பத்துமுறை கிளப்பினால்? வடக்கே நெடும்பயணம் புறப்பட வேண்டிய விருந்தாளியின் வழிச்சோற்றில் அல்லவா நாம் கைவைக்கிறோம்!

பறவை தின்பதை நிறுத்தித் தலைநிமிர்ந்து நம்மைப் பார்த்தால், அதுவே நம் எல்லை. அங்கேயே நிற்கவேண்டும், அது மீண்டும் தின்னத் தொடங்காவிட்டால் பின்வாங்க வேண்டும். செல்போனில் பதிவு செய்த குரலை ஒலிபரப்பி வரவழைப்பதும் தவறு. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என எண்ணி, அது இரைதேடுவதை விட்டுப் பதறுகிறது.

கூடுகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வேட்டைப் பறவைகள் பல, இப்பருவத்தில்தான் பாறை விளிம்புகளில் கூடு வைக்கின்றன. தாய் அஞ்சி எழுந்தால் முட்டை வெயிலில் வெந்துவிடும். அல்லது காக்கைக்கு இரையாகும். எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1937-இல் ஆந்தைக் கூட்டை நெருங்கியபோது, தாய்ப்பறவை தாக்கியதில் ஒரு கண்ணையே இழந்தார். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதை வேட்டைக்கு நிகரான குற்றமாகவே கருதுகிறது.

குறிப்பேடு ஊரைக் காக்கும்

அழகர்மலைக்குக் கிழக்கே, மேலூர் வட்டத்தில் உள்ளது அரிட்டாபட்டி. பழைய குடைவரைக் கோவிலும் தமிழிக் கல்வெட்டுகளும் சமணர் படுகைகளும் நிறைந்த பாறைக்குன்றுகளின் ஊர் அது. அங்கே பல ஆண்டுகளாக ஊர்மக்களும் பறவை ஆர்வலர்களும் கண்டவற்றைக் குறித்து வந்தனர். சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே உண்டு என்பதும், அவற்றுள் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, இராசாளிப் பருந்து ஆகிய அரிய வேட்டைப் பறவைகள் அடங்கும் என்பதும் தெரியவந்தன. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான மத்திய அரசின் ஏல முடிவு வெளியாயிற்று. ஊர்மக்கள் திரண்டெழுந்தனர், சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தாயிற்று. வயலையும் வாழ்வையும் காக்க எழுந்த அந்தப் போராட்டத்தில், “இங்கே என்ன இருக்கிறது?” என்ற வினாவுக்கு மக்களிடம் விடை இருந்தது. கோவில், கல்வெட்டு, கண்மாய், சுனை என்ற பட்டியலில் பறவையும் இடம்பெற்றது. கண்டவர் கண்டதோடு நின்றிருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

மதுரையை அடுத்த சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களின் கரையிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அங்குள்ள குழந்தைகள் மத்தாப்பின் ஆசையை ஆண்டுதோறும் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாமும் செய்யலாம்

பறவை ஆய்வு என்றதும் டாக்டர் சாலிம் அலியின் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் இத்துறையில் பெண்களும் தடம் பதித்திருக்கிறார்கள். 1923-இல் பிறந்த ஜமால் ஆரா, கல்லூரிப் படிப்பு இல்லாமலே சோட்டா நாகபுரிக் காடுகளின் பறவைகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். சிறுவர் சிறுமியர்க்காக அவர் எழுதிய பறவை நூலை 1970-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. தில்லிப் பறவைகளைப் பற்றி உஷா கங்குலி எழுதிய நூல் 1975-இல் வெளிவந்தது. இருவருக்கும் முதலாகக் கைகொடுத்தவை நடந்த கால்களும் எழுதிய குறிப்புகளுமே.

இன்று உங்கள் குறிப்புக்கும் இடமுண்டு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகளவில் நடைபெறும் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். வீட்டு மொட்டை மாடியும் பள்ளித் தோட்டமும்கூட அதற்கு உரிய இடங்களே. காக்கையும் மைனாவும் தானே என்று விட்டுவிடாதீர்கள். எங்கும் காணும் பறவை குறைந்து வருகிறதா என்பதை அறிய அந்த எண்ணிக்கையே வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தையிலோ மாசியிலோ ஒரு ஞாயிறு அல்லது சனிக்கிழமையின் விடியற்காலையை உங்கள் பெண்ணுக்குத் தாருங்கள். விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். மாணவியரே, முதல் பக்கத்தில் தேதி, இடம், நேரம், பனியா வெயிலா என்பதை எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் காணும் முதல் பறவையின் பெயர் வரட்டும். பெயர் தெரியாவிட்டால் அதன் அலகையும் வாலையும் வரைந்து வையுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.